மழை விட்டாச்சு... மாதக்கணக்கில் நின்ற பைக்கை எடுக்கப் போறீங்களா? வண்டிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் வேணும் ஒரு சர்வீஸ்!

டிசம்பர் பாதி தாண்டி, மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கிற ஒரு காலை நேரத்தில் நெய்யூர் பக்கம் ஏதாவது ஒரு தெருவுக்குள் நடந்து பாருங்கள். போர்ட்டிகோ ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய பைக் ஒன்று கட்டாயம் கண்ணில் படும். வெளிநாட்டில் இருக்கிற மகன் கிறிஸ்துமஸுக்கு வருகிறான் என்றால், அதற்கு முந்தின வாரமே அந்தத் தார்ப்பாய் கழன்றுவிடும். வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போகும், ஆயில் மாறும், தண்ணீர் அடித்துப் பளபளவென்று வாசலில் வந்து நிற்கும்.

எங்கள் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது. இரண்டு வருஷம் சவுதியில் இருந்துவிட்டு, ராத்திரி விமானத்தில் திருவனந்தபுரம் வந்து இறங்கினார். விடிந்தும் விடியாத நேரத்தில் `பால் வாங்கிட்டு வாரேன்' என்று பைக்கை எடுத்தார். சந்திலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது ஒரு ஈ, காக்கா இல்லை. நூறு மீட்டர் போயிருப்பார். வளைவில் எதிரே ஒரு பஸ். `என்ன இவன் ராங் சைடுல வாறான்' என்றுதான் முதலில் நினைத்தாராம். ராங் சைடில் போய்க்கொண்டிருந்தது அவர்தான். இரண்டு வருஷம் வலது ஓரமாகவே கார் ஓட்டிய பழக்கம், ஆளில்லாத ரோட்டில் அவரை அறியாமலேயே வலது பக்கம் கொண்டுபோய்விட்டது. பஸ் டிரைவர் பிரேக் அடித்ததால் இன்றைக்கும் சித்தப்பா எங்களோடு இருக்கிறார். பால் வாங்காமலே திரும்பி வந்தவர், சாயங்காலம் வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. முந்தின வாரம்தான் சர்வீஸ் முடிந்திருந்தது. சர்வீஸ் ஆகாமல் இருந்தது சித்தப்பா மட்டும்தான்.

இடைவெளிக்குப் பிறகு பைக் எடுப்பவர்களில் பெரும்பாலானோர் செய்கிற தவறு இதுதான். வண்டியை மெக்கானிக் பார்த்துவிட்டார் என்றால் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அதனால், வண்டியைத் தயார் செய்வது எப்படி, அதைவிட முக்கியமாக உங்களைத் தயார் செய்துகொள்வது எப்படி என்று இரண்டையும் இங்கே வரிசையாகப் பார்த்துவிடலாம்.

நமக்கு ஏதுங்க `சீசன்'?

பனி கொட்டும் நாடுகளில் பைக்குக்கு என்று ஒரு சீசன் உண்டு. ஜெர்மனியில் 1997-லிருந்து சீசன் நம்பர் பிளேட்டே இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று எழுதி வாங்கினால், அந்த மாதங்களில் மட்டும்தான் வண்டியை ரோட்டில் ஓட்டலாம். பனிக்காலம் முழுக்க வண்டி ஷெட்டில் தூங்கும். வசந்தம் வந்ததும், மறுபடி பைக் எடுப்பவர்களுக்கென்றே அங்கே பயிற்சி வகுப்புகள் நடக்கும். பல வருஷம் ஓட்டியவர்களும் போய் பிரேக் பிடிக்கப் பழகிவிட்டு வருவார்கள்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் இடைவெளி இருக்கிறது. தமிழ்நாட்டில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையிலும் நன்றாக நனைகிற மாவட்டம் கன்னியாகுமரி. மழைக்குப் பயந்து பைக்கை ஓரம்கட்டிவிட்டு பஸ்ஸில் போகிறவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள், கப்பலில் வேலை பார்ப்பவர்கள், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள், பிரசவத்துக்குப் பிறகு மறுபடி ஸ்கூட்டர் எடுக்கிற பெண்கள், கை கால் எலும்பு முறிந்து கட்டுப்போட்டுத் தேறியவர்கள், வெளியூர் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். காரணம் எதுவாக இருந்தாலும் நாலைந்து வாரத்துக்கு மேல் வண்டியைத் தொடவில்லை என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

சைக்கிள் மறக்காது... சரி, பைக்?

ஒருமுறை கற்றுக்கொண்டால் சைக்கிள் மறக்காது என்பார்கள். உண்மைதான். கிளட்ச் பிடிப்பது, கியர் மாற்றுவது, பேலன்ஸ் எல்லாம் உடம்பில் பதிந்தவை. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. கையும் காலும் பழையபடி வேலை செய்வதால், `நமக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு' என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

ஆனால் ரோட்டைப் படிக்கிற திறமை வேறு. நிற்கிற ஆட்டோவின் முன்சக்கரம் லேசாகத் திரும்பினால் அது கிளம்பப் போகிறது என்று புரிவது, பஸ் நின்றால் அதன் முன்னாலிருந்து ஒருவர் குறுக்கே வரலாம் என்று எதிர்பார்ப்பது, பிரேக்கை எவ்வளவு அழுத்தினால் எங்கே நிற்கும் என்று கணிப்பது... இதெல்லாம் தினமும் ஓட்டுவதால் கூர்மையாக இருப்பவை. ஓட்டாமல் இருந்தால் மழுங்கிவிடும். மழுங்கியது நமக்கே தெரியாது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைப் பார்த்து, பிரேக்கில் கை வைக்க உங்களுக்கு ஒரு நொடி ஆகிறது என்றால், பிரேக் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே 14 மீட்டர் போய்விட்டது. அதன்பிறகு, நல்ல காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய 14 மீட்டர். பழக்கம் விட்டுப்போனதால் அந்த ஒரு நொடி ஒன்றரை நொடி ஆனால்? கூடுதலாக 7 மீட்டர். ஒரு மினி பஸ் நிற்கிற இடம் அது. நிற்பதற்கும் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் அவ்வளவுதான்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் சர்ஜனாக இருந்தவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் இடம்பெற்ற மலையேற்ற வீரர். எத்தனை மலை ஏறியவராக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் உயரத்துக்கு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் மேலே போக முடியும். பழைய அனுபவம் அந்தப் படியைத் தாண்டிப் போக உதவாது. பைக்குக்கும் இதே விதிதான்.

முதல் நாள்: ஸ்டார்ட்டரைத் தொடும் முன்...

வண்டியை மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தாலும் இதையெல்லாம் நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும்.

1. விருந்தாளிகள்: தார்ப்பாயை எடுத்ததும் குனிந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியிருக்கலாம், வயரைக் கடித்திருக்கலாம். சைலன்ஸர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம். மழைக்காலத்தில் பாம்பு ஒதுங்குவதும் நம்ம ஊரில் அதிசயம் இல்லை. கையை விடும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பது நல்லது.

2. வெள்ளத்தில் நின்றதா?: 2021 நவம்பர் வெள்ளத்தை குமரி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சைலன்ஸர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால், தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பெரிய செலவில் கொண்டுபோய் விட்டுவிடும். தள்ளிக்கொண்டோ, ஏற்றிக்கொண்டோ ஒர்க் ஷாப் போவதுதான் லாபம்.

3. பெட்ரோல்: இப்போது பங்க்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. நம்ம ஊர் ஈரக்காற்றில் பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நின்றால், உள்ளே தண்ணீர் சேரும், துரு பிடிக்கும். பெட்ரோல் நிறம் மாறியிருந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கார்பரேட்டர் உள்ள பழைய வண்டி என்றால், அதையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

4. இன்ஜின் ஆயில்: அளவை மட்டும் பார்க்காதீர்கள், நிறத்தையும் பாருங்கள். பால் காபி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கிலோமீட்டர் ஓடவில்லை என்றாலும் ஒரு வருஷம் தாண்டிய ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

5. பேட்டரி: சும்மா நின்றாலும் பேட்டரி தானாக இறங்கும். முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுவது நல்லது. ஹாரன் முனகுகிறது, இண்டிகேட்டர் மெதுவாகக் கண் சிமிட்டுகிறது என்றாலும் அதே கதைதான். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் ஐந்து நொடிக்கு மேல் அழுத்தக் கூடாது. விட்டு, பத்துப் பதினைந்து நொடி கழித்து மறுபடி முயலுங்கள்.

6. டயர்: காற்று கண்டிப்பாக இறங்கியிருக்கும். 100-125 சிசி வண்டிகளில் முன் டயருக்குப் பெரும்பாலும் 25 பி.எஸ்.ஐ. பின் டயருக்கு அதைவிட அதிகம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் அதிகம். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டிலோ, செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் விரலால் அழுத்தி, வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால், 2021-ம் வருஷம் 35-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப்போன டயர், ஈர ரோட்டில் பிடிக்காது.

7. பிரேக்: கடற்கரை ஓரக் காற்றில் உப்பு இருக்கிறது. டிஸ்க்கில் லேசாகத் துரு படிவது சகஜம். வண்டியை மெதுவாக உருட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தாலே அது போய்விடும். `துருவுக்கு ஆயில்' என்று டிஸ்க்கில் மட்டும் எதையும் தடவிவிடாதீர்கள். பிரேக்கே பிடிக்காது. டிரம் பிரேக் இறுகி நின்றுவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். டிஸ்க் பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் என்பதால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள்.

8. செயின், கேபிள், லைட்: செயினைச் சுத்தம் செய்து ஆயில் விடுங்கள். கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள் உப்புக்காற்றில் இறுகியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டால் `டப்'பென்று தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். கடைசியாக பிரேக் லைட். முன் பிரேக்குக்கும் எரிகிறதா, பின் பிரேக்குக்கும் எரிகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று... மூடிய அறைக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு உயிருக்கே ஆபத்து. வாசலுக்குத் தள்ளிவந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஹெல்மெட்டுக்கும் வயசாகும்!

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தால் பகீரென்கிறது. அந்த ஒரு வருஷத்தில் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அதே வருஷம், விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது நம் தமிழ்நாடுதான்.

மழைக்காலம் முழுக்க ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும், குளவியும் சிலந்தியும் குடியிருக்கும். உதறிவிட்டு, உள்துணி கழற்றுகிற மாதிரி என்றால் துவைத்து வெயிலில் காயவைத்துவிடுங்கள். கொக்கி சரியாக மாட்டுகிறதா பாருங்கள். ஏற்கெனவே விபத்தில் அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் தெர்மாகோல் நொறுங்கியிருக்கும். அது இனி உதவாது. புதிதாக வாங்குவதென்றால் ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ளதுதான் வாங்க வேண்டும். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தவறு. கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றிவிடுங்கள். ராத்திரி எதிர்வண்டி வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது.

செருப்புக்குப் பதில் ஷூ, முழுக்கால் பேன்ட். முதல் வாரத்துக்காவது இதைக் கடைப்பிடியுங்கள். சேலை, துப்பட்டா, ஷால் எதுவாக இருந்தாலும் சக்கரத்துக்கு எட்டாமல் சுருட்டிக்கொள்ளுங்கள்.

காகிதங்கள் கரெக்டா?

நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில்தான் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் முடிந்துபோகும். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருக்கும். அந்த தைரியத்தில் பலர் தேதியையே பார்ப்பதில்லை. ஐந்து வருஷம் எப்போதோ முடிந்திருக்கலாம். உங்கள் வண்டிக்கான சேத இன்ஷூரன்ஸ் முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால், இத்தனை வருஷம் சேர்த்துவைத்த போனஸ் தள்ளுபடியும் போய்விடும்.

லைசென்ஸ் முடிந்துவிட்டதா? முடிந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் புதுப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் தேர்வு உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்க முடியும் என்பதால், லீவில் வரும்போதே முடித்துவிட்டுப் போங்கள். 40 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றிதழும் தேவை. புகைச் சான்றிதழ் தேதியையும் பார்த்துவிடுங்கள். ஆர்.சி, லைசென்ஸ் எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் ஏற்றி வைத்துக்கொண்டால் போனிலேயே காட்டலாம்.

ஹெல்மெட் இல்லை என்றால் 1,000 ரூபாய், இன்ஷூரன்ஸ் இல்லை என்றால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதம் சின்ன விஷயம். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி யார்மீதாவது மோதிவிட்டால், நஷ்டஈடு மொத்தமும் உங்கள் தலையில். லீவில் வந்தவரின் சேமிப்பு முழுதும் அதிலேயே போய்விடும்.

முதல் வாரம் இப்படி இருக்கட்டும்!

முதல் நாள், மைதானம்: காலை வெயில் ஏறும் முன் காலியாக இருக்கும் மைதானமோ, ஆளில்லாத அகலமான ரோடோ தேடிக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் நிறுத்துங்கள். பிறகு 30, பிறகு 40. ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையை உடைக்க வேண்டும். `முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி எறிஞ்சிரும்' என்று சொல்லித்தான் நம்மில் பலரை வளர்த்திருக்கிறார்கள். உண்மையில், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும், வண்டி நிற்காது. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி படிப்படியாக இறுக்குங்கள். ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் 125 சிசி-க்கு மேல் ஏ.பி.எஸ், அதற்குக் கீழே இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ் இருக்கும். இருந்தாலும் பழகித்தான் ஆக வேண்டும். கூடவே, கால் ஊன்றாமல் மெதுவாக யூ டர்ன், எட்டு போடுவது. லைசென்ஸுக்கு எட்டு போட்ட நாளை நினைத்துச் சிரித்துக்கொண்டே செய்யுங்கள்.

இரண்டு, மூன்றாம் நாள், ஊர் ரோடு: தெரிந்த ரோட்டில் பகலில் மட்டும். பத்து கிலோமீட்டர் போதும். பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம்.

நான்கு, ஐந்தாம் நாள், கடைத்தெரு: திங்கள்நகர் மாதிரி பஸ், ஆட்டோ, கூட்டம் எல்லாம் கலந்த இடம். கிளட்ச்சில் இரண்டு விரல், பிரேக்கில் இரண்டு விரல் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

அதன்பிறகு, ஹைவே: தக்கலை, மார்த்தாண்டம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இரண்டு கனரக லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதற்கு முன், மேலே சொன்னதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். ராத்திரிப் பயணம் கடைசியில்.

பின்சீட்டு: ஒரு வாரம் கழித்துத்தான். ஆள் ஏறினால் பிரேக் பிடிக்கும் தூரமும் வளைகிற விதமும் மாறிவிடும். இரண்டு வருஷம் கழித்து வந்த அப்பா, பிள்ளையை டேங்க் மேல் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போக ஆசைப்படுவார். ஆசை புரிகிறது. ஆனால் பிரேக் அடித்தால் முதலில் ஹேண்டிலில் மோதுவது அந்தப் பிள்ளையின் நெஞ்சுதான். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தலைக்கவசம், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் இரண்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதியே இருக்கிறது.

நம்ம ஊர் ரோடு... நம்ம ஊர் ஆபத்து!

பாடப்புத்தகத்தில் இல்லாத சில விஷயங்கள் குமரி மாவட்ட ரோடுகளில் உண்டு. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். இடைவெளியில் மறந்திருக்கும் என்பதால் ஒரு நினைவூட்டல்.

சானல்கரை ரோடு: ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் தண்ணீர். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஒன்றரை அடிகூட இருக்காது. மழையில் ஓரம் அரித்து, மேலே புல் மட்டும் மூடியிருக்கும். ஓரத்தை நம்பாதீர்கள். நின்று வழிவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கண்ணைச் சானலில் வைத்தால் வண்டியும் சானலுக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தையே பாருங்கள்.

நிழல் வளைவு: தென்னையும் பலாவும் கவிந்த வளைவுகளில் மழை விட்டு நாட்கள் ஆனாலும் ஈரம் காயாது. பாசி படிந்திருக்கும். குலசேகரம், அருமனை பக்கம் போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து ரப்பர் இலை உதிர்வு வேறு. ஈர இலைமேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உள்ளே போய்ப் பிரேக் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.

மீன் தண்ணீர்: குளச்சல், முட்டம் பக்கமிருந்து மீன் ஏற்றிவரும் வண்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீர் ரோட்டில் கோடாகக் கிடக்கும். மேடு ஏறுகிற இடத்திலும் திருப்பத்திலும் அதிகம். பார்த்தால் அந்தக் கோட்டின்மேல் சாய்ந்து திரும்பாதீர்கள்.

எம்.சாண்ட்: ஜல்லியும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகள் வளைவில் சிந்திவிட்டுப் போயிருக்கும். டயருக்கு அடியில் அது ஆயிரம் சின்ன உருளைகள் மாதிரி. லாரியின் இடது பக்கம் புகுந்து போகும் பழக்கமே வேண்டாம். டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

சாய்வு வெயில்: டிசம்பர், ஜனவரியில் காலையும் மாலையும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். சூரியனுக்கு எதிரே போகும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், எதிரே வருகிறவருக்கு உங்களைத் தெரியாது. இரண்டு நேரத்திலும் வேகத்தைக் குறையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கவனத்துக்கு!

சவுதி, அமீரகம், கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன்... ஆறு நாடுகளிலும் வண்டி வலது பக்கம்தான் ஓடும். நமக்கு இடது பக்கம். கூட்டமான ரோட்டில் குழப்பம் வராது. முன்னால் போகிறவரைப் பார்த்து நாமும் போய்விடுவோம். ஆபத்து காலியான ரோட்டில்தான். அதிலும் மூன்று இடங்கள்: சந்திலிருந்து மெயின்ரோட்டில் ஏறும்போது, பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, வலது பக்கம் திரும்பி முடிக்கும்போது.

ஒரு எளிய வழி இருக்கிறது. `நடுக்கோடு என் வலது கைப்பக்கம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை. முடிந்தால் டேங்க் மேல் `இடது' என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடுங்கள். எங்கள் சித்தப்பா இப்போது ஒவ்வொரு லீவுக்கும் அதைத்தான் செய்கிறார். பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரவெல்லாம் விமானத்தில் கண் விழித்து வந்த நாளில் வண்டியைத் தொடவே வேண்டாம். பால் வாங்க நடந்துகூடப் போகலாம்.

உங்கள் சந்தேகங்கள்...

மாதவிலக்கு வலிக்கோ, சளிக்கோ, ஒவ்வாமைக்கோ மாத்திரை போட்டால் ஓட்டலாமா?
சளி, ஒவ்வாமை மாத்திரைகள் பலவும் தூக்கம் தரும். சில வலி மாத்திரைகளும் அப்படித்தான். டாக்டரிடமோ, மருந்துக்கடையிலோ `வண்டி ஓட்டலாமா' என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

எலும்பு முறிவு, ஆபரேஷன், பிரசவத்துக்குப் பிறகு எப்போது எடுக்கலாம்?
பொதுவான நாள் கணக்கு கிடையாது. உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சரி என்ற பிறகும், நின்ற வண்டியில் உட்கார்ந்து கிளட்ச்சை, பிரேக்கை முழுசாகப் பலமுறை பிடித்துப் பாருங்கள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். வலித்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த முறை நிறுத்திவைக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?
கழுவி, நன்றாகக் காயவைத்து, செயினுக்கு ஆயில் விட்டு, டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவையுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். காற்று புகுகிற துணி உறைதான் நல்லது. `வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வை' என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவோம். இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைப்பதால் பேட்டரிதான் இறங்கும். யாராவது அரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டட்டும். இல்லையென்றால் சும்மா விடுவதே மேல்.

விபத்து நடந்துவிட்டால்?
108. தமிழக அரசின் `இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பணத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

பைய போ மக்கா!

எங்கள் பக்கம் யார் வீட்டில் பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டாலும், உள்ளேயிருந்து ஒரு பாட்டியோ அம்மாவோ `பைய போ மக்கா' என்று குரல் கொடுப்பார்கள். பைய என்றால் மெதுவாக. எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்போம்! `ம்ம்' என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கியிருப்போம்.

இந்த ஒரு வாரம் மட்டும் அந்தக் குரலைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ஏழு நாள் பையப் போனால், அதன்பிறகு லீவு முழுக்க, சீசன் முழுக்க நிம்மதியாக ஓட்டலாம். வண்டி வாசலில் ரெடியாக நிற்கிறது. நீங்களும் ரெடியா?